பன்னிரண்டு வாரம், பன்னிரண்டு பத்தி: ஒரு தத்துவ வாசிப்பு வகுப்பைப் பற்றி

பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு இரண்டு மணி நேரம், ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு பத்தி. அவ்வளவுதான் அந்த வகுப்பு. கான்டினென்டல் தத்துவம் என்று சொல்கிறார்களே, காண்ட் என்ற தத்துவவாதியில் தொடங்கி ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் வளர்ந்த அந்த மரபில், படித்தால் தலை சுற்றும் என்று பேர் வாங்கிய பத்திகளாகப் பொறுக்கியெடுத்து வரி வரியாகப் படிக்க வைக்கிற இணைய வகுப்பு. அறிவிப்பிலேயே ஒரு கேள்வியைப் போட்டிருந்தார்கள்: இந்த இருண்மை குறையா, குணமா? அந்தக் கேள்விக்காகத்தான் சேர்ந்தேன். பல வருஷமாக இந்த நூல்களை வாங்குவதும், முப்பது பக்கம் படித்துவிட்டு மூடி வைப்பதும், ஆறு மாதம் கழித்து மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்குவதுமாக இருந்திருக்கிறேன். புரியாமல் போவது என் குறையா எழுதியவர் குறையா என்பது மட்டும் கடைசிவரை தெரிந்ததில்லை.

வகுப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பின்பாதியைப் பற்றி எனக்குக் கடுமையான குறை இருக்கிறது, அதை ஒருவர் தலையில் பெயரோடு கட்ட விருப்பமில்லை. அதோடு, இதே மாதிரி வகுப்புகள் இப்போது நிறைய நடக்கின்றன, எதில் சேர்வதானாலும் எதைப் பார்த்துச் சேர வேண்டும் என்பதுதான் படிப்பவர்களுக்கு முக்கியம். சுருக்கமாகச் சொன்னால், முதல் ஏழு வாரம் பிரமாதம். அடுத்த இரண்டு வாரம் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. கடைசி மூன்று வாரம் கோபத்தை வரவழைத்தது. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் நடத்துகிற முறை. வகுப்புக்கு நாலு நாள் முன்னால் பிடிஎஃப் வந்துவிடும். இடது பக்கம் மூலம், வலது பக்கம் ஆங்கில மொழிபெயர்ப்பு, முடிந்த இடங்களில் இரண்டு மொழிபெயர்ப்புகள். ஜெர்மன், பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டியதில்லை, ஆனால் ஒரு சொல் மூலத்தில் எங்கே நிற்கிறது என்று கையை வைத்துக் காட்டுவார்கள். வீட்டுப்பாடம் இரண்டு. ஒன்று, அந்தப் பத்தியை உங்கள் தாய்மொழியில் உங்கள் சொற்களில் திரும்ப எழுத வேண்டும். இரண்டாவதாக ஒரே ஒரு வரி: இந்தப் பத்தி சொல்வது சரியென்றால், எது தவறு? முதல் வாரம் இந்த இரண்டாவது வேலையை நான் சும்மா ஒரு சம்பிரதாயம் என்று நினைத்தேன். நான்காவது வாரத்துக்குள் அதுதான் மொத்த வகுப்பும் என்று தெரிந்துவிட்டது. ஒரு வாக்கியம் எதையாவது மறுத்தாக வேண்டும். எதையுமே மறுக்காத வாக்கியம் எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும் எதையும் சொல்லவில்லை.

காண்ட்டில் தொடங்கினார்கள். எனக்கு இருந்த ஒரு பெரிய மூடநம்பிக்கை இங்கேயே உடைந்தது. பெரிய தத்துவவாதிகள் வேண்டுமென்றே கடினமாக எழுதினார்கள், அதற்குள் ஏதோ ரகசியக் காரணம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். காண்ட் விஷயத்தில் அப்படி எதுவும் இல்லை. தூய அறிவின் விமர்சனம் 1781-இல் வந்தது. அடுத்த வருஷமே கோட்டிங்கன் நகரிலிருந்து பெயர் போடாத ஒரு மதிப்புரை வந்து நூலைத் தப்பாகப் புரிந்துகொண்டது, காண்ட்டுக்குக் கோபம். 1783-இல் அதே விஷயத்தைச் சுருக்கி, சுலபமாக நுழையும்படி இன்னொரு சிறிய நூல் எழுதினார். அதே வருஷம் சக தத்துவவாதி மெண்டல்ஸோனுக்கு எழுதிய கடிதத்தில் உண்மையை ஒப்புக்கொள்கிறார்: பன்னிரண்டு வருஷம் யோசித்ததை நாலைந்து மாதத்தில் ஓட்டமாக எழுதி முடித்தேன், உள்ளடக்கத்தில் காட்டிய கவனத்தை வாசகருக்கு எளிதாக்குவதில் காட்டவில்லை என்கிறார். 1787-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது நூலின் மையமான பகுதியையே புதிதாக எழுதினார். ஆக காண்ட்டைக் கேட்டால் இருண்மை குறைதான், அதைச் சரி செய்ய ஆறு வருஷம் உழைத்திருக்கிறார்.

ஆனால் அதே காண்ட் 1781 முன்னுரையில் இன்னொன்றும் சொல்கிறார். சில புத்தகங்கள் இவ்வளவு தெளிவாக்க முயலாமல் இருந்திருந்தால் இன்னும் தெளிவாக இருந்திருக்கும் என்று. உதாரணங்களும் விளக்கங்களும் பகுதி பகுதியாக உதவும், ஆனால் முழு அமைப்பையும் ஒரே பார்வையில் பார்க்க விடாமல் மறைத்துவிடும் என்பது அவர் வாதம். இது சாக்கு என்று எனக்குத் தோன்றவில்லை. கணக்கில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கதை சொல்லிக்கொண்டே போனால் கணக்கு எங்கே போகிறது என்று மறந்துவிடும் அல்லவா, அது மாதிரி.

இரண்டாவது வாரம் எடுத்தது இரண்டாம் பதிப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு வரி. 'நான் எண்ணுகிறேன்' என்பது என்னுடைய எல்லா மனத்தோற்றங்களோடும் சேர்ந்து வர முடிய வேண்டும். நான் வீட்டுப்பாடத்தில் 'சேர்ந்து வர வேண்டும்' என்று எழுதியிருந்தேன். ஜெர்மன் பகுதியை எடுத்தவர் அதை எல்லோருக்கும் திரையில் காட்டி, இங்கே என்ன விட்டுப்போயிருக்கிறது என்று கேட்டார். 'முடிய' என்ற ஒரு சொல். அதை விட்டால் அபத்தமாகிவிடும், ஏனென்றால் நாம் ஒவ்வொன்றைப் பார்க்கும்போதும் 'நான் பார்க்கிறேன், நான் பார்க்கிறேன்' என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. வேண்டுமென்றால் சொல்ல முடிய வேண்டும், அவ்வளவுதான். சொல்லவே முடியாத ஒரு தோற்றம் என்னுடையதாக இருக்காது. யாருக்கும் சொந்தமில்லாமல் அந்தரத்தில் மிதக்கிற அனுபவம் எனக்குள் இருக்கலாம் என்பதைத்தான் அந்த வரி மறுக்கிறது. ஒரு சொல்லை எடுத்தால் முழு வாதமும் சரிகிறது என்றால் அந்த எழுத்து கடினமாக இருக்கலாம், ஆனால் ஏமாற்று இல்லை. அன்றைக்கு இரவு தூங்கப் போகும்போது மனசு நிறைந்திருந்தது.

அப்புறம் ஹெகல். இரண்டு வாரமும் 1807-இல் வந்த மனத்தின் நிகழ்வியல் நூலிலிருந்துதான். முதல் பத்தி முன்னுரையில் வருகிற மொட்டு, மலர், கனி. மலர் விரியும்போது மொட்டு காணாமல் போகிறது, அதனால் மலர் மொட்டை மறுத்துவிட்டது என்று சொல்லலாமா, ஆனால் மூன்றும் ஒரே செடியின் வாழ்க்கைதானே என்று போகும். சுலபமாகப் புரிகிறது. ஹெகலால் தெளிவாக எழுத முடியும் என்பதற்குச் சாட்சியாக அதை முதலில் வைத்தது நல்ல யோசனை.

இரண்டாவது பத்தியை வைத்து ஒரு பரிசோதனையே செய்தோம். 'இப்போது' என்றால் என்ன என்று ஹெகல் கேட்கிறார், 'இப்போது இரவு' என்று பதில் வைத்துக்கொள்வோம், அதை எழுதி வையுங்கள், உண்மையை எழுதி வைப்பதால் அது கெட்டுப்போகாது என்கிறார். வகுப்பு இரவில் நடந்தது. எல்லோரும் ஒரு தாளில் 'இப்போது இரவு' என்று எழுதி மேஜையில் வைத்தோம். மறுநாள் மதியம் எடுத்துப் பார்க்கச் சொன்னார் ஆசிரியர். பார்த்தேன். நல்ல வெயிலில் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது. எழுதியது பழையதாகிவிட்டது, ஆனால் 'இப்போது' என்ற சொல் மட்டும் அப்படியே இருக்கிறது, இரவையும் பிடித்துக்கொள்ளாமல் பகலையும் பிடித்துக்கொள்ளாமல். கண்ணெதிரே இருப்பதை நேரடியாக, தனியாக, அப்படியே பிடித்துவிட்டேன் என்று நினைத்தவனுக்குக் கையில் மிஞ்சியது எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு சொல்தான். இதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம், நானே இப்போது சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு வரியில் படித்திருந்தால் தலையை ஆட்டிவிட்டுக் கடந்து போயிருப்பேன். ஹெகல் வாசகனைத் தவறவிட்டு, தவறியதை அவனையே பார்க்க வைக்கிறார். அந்த வளைவு இல்லாமல் அந்த அறிவு இல்லை. ஆக இங்கே கடினம் குணம்தான், சந்தேகமே இல்லை.

ஹெகலின் பேர்போன சொல் ஒன்று உண்டு, ஆஃப்ஹேபன். ஒழிப்பது, பாதுகாத்து வைப்பது, மேலே தூக்குவது, மூன்றும் அந்த ஒரே வினையில் இருக்கின்றன. ஆங்கிலத்தில் இதற்கு நேரான சொல் இல்லை என்று பெரிய பாடு படுகிறார்கள். வீட்டுப்பாடத்துக்கு உட்கார்ந்தபோது நான் ஒரு மணி நேரம் யோசித்தேன். 'கடத்தல்', 'உள்ளடக்கி மேற்செல்லல்' என்று என்னென்னவோ எழுதி அடித்தேன். அப்புறம் திடீரென்று தோன்றியது, நம்மிடம் 'எடு' இருக்கிறதே! கறையை எடுத்தாயிற்று என்றால் நீக்கியாயிற்று. மீதியை எடுத்து வை என்றால் பத்திரப்படுத்து. தலையெடுத்துவிட்டான் என்றால் மேலே வந்துவிட்டான். மூன்றும் நாள்தோறும் வாயில் புழங்குகிற பேச்சு. பக்கத்தில் 'வை', 'தலை' என்று ஒரு துணை தேவைப்படுகிறது என்பது உண்மைதான், முழுப்பொருத்தம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஹெகல் தன் தர்க்க நூலில் சொல்கிற விஷயம், ஒரு மொழியின் சாதாரணச் சொல்லுக்குள்ளேயே எதிரெதிர்ப் பொருள்கள் சேர்ந்து குடியிருப்பதைக் கண்டு சிந்தனை மகிழலாம் என்பது, தமிழில் ஒரு சமையலறைச் சொல்லை வைத்து எனக்குப் புரிந்தது. ஜெர்மன்காரருக்கு அது கலைச்சொல்லே இல்லை, தரையில் விழுந்ததை எடு என்பதற்கும் அதே சொல்தான். மொழிபெயர்ப்பில் லத்தீன் வேர்ச்சொல்லாக ஏற்றியதும்தான் அது புரியாத மந்திரமாகிவிட்டது. ஹெகல் பேரில் இருக்கிற இருண்மையில் கொஞ்சம் அவருடையதே இல்லை.

அவருடையதும் நிறைய இருக்கிறது. ஜெர்மனில் பெயர்ச்சொற்களுக்குப் பால் உண்டு, ஒரே பத்தியில் நாலு பெண்பால் சொற்கள் வந்துவிட்டால் அதற்குப் பின்னால் வருகிற 'அது' எதைக் குறிக்கிறது என்று மொழிபெயர்ப்பாளர்தான் முடிவு செய்ய வேண்டும். ஹெகலுக்காக வாதாடுகிற ஜெர்மன் தத்துவவாதி அடோர்னோவே 1963-இல் வந்த கட்டுரை ஒன்றில், பெரிய தத்துவவாதிகளில் என்ன விஷயத்தைப் பேசுகிறார் என்பதே சில இடங்களில் தெரியாமல் போகிற ஒருவர் ஹெகல்தான் என்று ஒப்புக்கொள்கிறார். அந்தக் கட்டுரையைக் கூடுதல் வாசிப்பாகக் கொடுத்தார்கள், அதையும் பாராட்ட வேண்டும். எதிரி சொன்னால் ஒதுக்கிவிடலாம், அன்போடு படித்தவர் சொல்லும்போது ஒதுக்க முடியாது.

நன்னூலில் நூலின் குற்றம் பத்து, அழகு பத்து என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அந்த வாரம் அதை மறுபடி எடுத்துப் பார்த்தேன். குற்றங்களில் 'மயங்க வைத்தல்' இருக்கிறது, 'வெற்றெனத் தொடுத்தல்' இருக்கிறது. இரண்டும் வேறு வேறு குற்றம். பொருள் இருந்தும் குழப்புவது ஒன்று, பொருளே இல்லாமல் சொல்லை அடுக்குவது இன்னொன்று. அழகுகளில் 'விளங்க வைத்தல்' உண்டு, 'ஆழமுடைத்தாதல்' உண்டு, இரண்டும் ஒரே பட்டியலில்தான். விளங்குவதும் ஆழமும் ஒன்றையொன்று தின்னும் என்று பவணந்தியார் நினைக்கவில்லை. இந்த நாலு சொற்களை வைத்துக்கொண்டு இந்த வகுப்பின் பன்னிரண்டு பத்திகளையும் அளந்துவிடலாம். காண்ட்டில் ஆழம் உண்டு, மயங்க வைத்தலும் உண்டு. ஹெகலில் இரண்டும் அதிகம்.

நீட்சே வாரம் சின்னது, ஆனால் நல்ல விருந்து. 1882-இல் வந்த நூலில், தான் ஆழமானவன் என்று அறிந்தவன் தெளிவுக்குப் பாடுபடுகிறான், கூட்டத்துக்கு ஆழமானவனாகத் தெரிய விரும்புகிறவன் இருளுக்குப் பாடுபடுகிறான் என்று எழுதுகிறார். அடி தெரியாத நீரையெல்லாம் ஆழம் என்று கூட்டம் நினைக்கிறதாம். அதே நூலுக்கு 1887-இல் சேர்த்த பகுதியில், எழுதுகிறவன் புரிய வேண்டும் என்று மட்டும் விரும்புவதில்லை, சிலருக்குப் புரியாமலும் இருக்க வேண்டும் என்றும் விரும்புகிறான் என்கிறார். வகுப்பில் இது முரண் என்று ஒருவர் சொன்னார். எனக்கு அப்படித் தெரியவில்லை. முதலாவது தன்னிடம் இல்லாததை இருப்பதாகக் காட்டுவது, இரண்டாவது யாருக்கு எழுதுகிறோம் என்று தேர்ந்துகொள்வது. ஆனால் இந்த இரண்டாவது உரிமையைப் பிறகு எத்தனை பேர் முதலாவதை மூடி மறைக்கப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் கஷ்டம்.

ஹைடெக்கர் வாரங்களில்தான், பின்னால் எனக்கு முக்கியமாகிப்போன ஒரு சம்பவத்தின் முதல் பாதி நடந்தது. 1927-இல் வந்த இருத்தலும் காலமும். அதில் வரும் சுத்தியல் பத்தி. சுத்தியலால் அடித்துக்கொண்டிருக்கும்போது சுத்தியல் நம் கவனத்தில் இல்லை, வேலைதான் இருக்கிறது, கருவி கைக்குள் கரைந்துவிடுகிறது. அது உடைந்தாலோ காணாமல் போனாலோதான் ஒரு பொருளாகக் கண்முன்னே வந்து நிற்கிறது. முதல் நிலைக்கு ஒரு சொல், இரண்டாவதற்கு ஒரு சொல், இரண்டிலும் 'கை' என்ற சொல் உண்டு. நான் 'கைக்குள் இருப்பது', 'கண்முன் கிடப்பது' என்று எழுதினேன். எழுதிக்கொண்டிருந்தபோதே பேனாவில் மை தீர்ந்தது. அதுவரை ஒரு மணி நேரமாக அந்தப் பேனாவை நான் பார்க்கவே இல்லை, அந்த நொடியில் முதல்முறையாக அதன் நிறம் கண்ணில் பட்டது. பத்தி அப்படியே மேஜையில் நடந்தது.

அந்த வாரம் பிடிஎஃப்பில் ஒரு பிழை. இரண்டு சொற்களையும் ஓர் இடத்தில் மாற்றிப் போட்டிருந்தார்கள். வகுப்பு தொடங்கி ஐந்து நிமிஷத்தில் ஒருவர் கை தூக்கினார், தத்துவம் புதிதாகப் படிக்க வந்தவர், இந்த வரி தலைகீழாக இருக்கிறதே, உடைந்தால்தான் கைக்குள் கரையும் என்றல்லவா வருகிறது என்றார். மூலத்தைப் பார்த்தார்கள், பிழைதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புதுச்சொற்கள், விநோதமான வாக்கியங்கள், எல்லாம் இருந்தும் ஒரு சொல் மாறினால் புதிதாக வந்தவருக்குக்கூடத் தட்டுப்பட்டது.

ஹைடெக்கரின் மற்ற முகத்தையும் காட்டினார்கள். 1929-இல் ஃப்ரைபுர்க்கில் ஆற்றிய உரையில் இன்மை தானே இன்மையாக்குகிறது என்கிற மாதிரி ஒரு வாக்கியம் வருகிறது. தர்க்கத்தை வைத்துத் தத்துவத்தை அளந்த கார்னாப் அதைப் பிடித்துக்கொண்டு, வெளியே மழை இருக்கிறது என்றால் மழை என்ன செய்கிறது என்று கேட்கலாம், வெளியே எதுவும் இல்லை என்றால் அந்த 'எதுவும் இல்லை' என்ன செய்கிறது என்று கேட்க முடியாது, அது பெயரே அல்ல என்று வாதாடினார். தமிழில் இந்த வாதம் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது, ஏனென்றால் 'எதுவும் இல்லை' என்பதை எழுவாயாக்க நம் மொழி சுலபத்தில் இடம் கொடுப்பதில்லை, 'இன்மை' என்று தனியாகச் சொல் செய்தால்தான் உண்டு. ஆனால் உரை முழுவதையும் படித்தால், தர்க்கத்தின்படி இது கூடாத கேள்வி என்பதை ஹைடெக்கரே முதலில் எழுப்புகிறார். காரணமில்லாத கலக்கம் வருகிற வேளையில் சுற்றியுள்ள பொருளெல்லாம் நழுவிப் போகிற அனுபவத்தை அவர் விவரிக்கப் பார்க்கிறார், அந்த விவரணை நன்றாகவே விளங்குகிறது. அந்த ஒரு வாக்கியம் இல்லாமலும் அது நின்றிருக்கும். பின்னாளில், 1936-க்கும் 1938-க்கும் நடுவில் எழுதிய குறிப்புகளில், தன்னைப் புரியவைத்துக்கொள்வது தத்துவத்தின் தற்கொலை என்றே எழுதிவிட்டார். அங்கே நான் அவரோடு போக மாட்டேன். பேனா மையில் எனக்குப் புரியவைத்தவர்தான் அவர், அதனால் எதுவும் சாகவில்லை.

ஆங்கிலம் பேசும் நாடுகளில் பரவிய, தர்க்கத்தை முன்னால் வைக்கிற பகுப்பாய்வுத் தத்துவம் எளிது, இது கடினம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் என்று ஒரு வார்த்தை. அங்கேயும் குறியீடு நிறைந்த பக்கங்கள் என்னை உட்கார வைத்திருக்கின்றன. வித்தியாசம், அங்கே எங்கே மாட்டிக்கொண்டேன் என்று விரல் வைத்துக் காட்ட முடியும்.

எட்டாவது வாரத்திலிருந்து ஆசிரியர் மாறினார். பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதா இரண்டு வாரம், அதற்குப் பயந்துகொண்டுதான் போனேன். 1992-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுக்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்து 336-க்கு 204 என்று நிறைவேறியது, அதற்கு முன்பே தத்துவப் பேராசிரியர்கள் சிலர் சேர்ந்து, அவர் எழுத்தில் தெளிவும் கறாரும் இல்லை என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். எடுத்த பத்தி கையெழுத்தைப் பற்றியது. ஒரு கையெழுத்து என்னுடையதாக இருக்க வேண்டுமானால் அந்தக் கணத்தில் நான் போட்டதாக, ஒரே ஒரு முறை நிகழ்ந்ததாக இருக்க வேண்டும். ஆனால் அது செல்லுபடியாக வேண்டுமானால் முன்னால் போட்டதைப் போலவே இருக்க வேண்டும், திரும்பப் போடக் கூடியதாக இருக்க வேண்டும். திரும்பப் போட முடிகிறது என்றாலே இன்னொருவர் போடவும் வழி திறந்துவிடுகிறது. கையெழுத்தைக் கையெழுத்தாக்குகிற அதே குணம்தான் கள்ளக் கையெழுத்தையும் சாத்தியமாக்குகிறது. இது ஒரு வாதம். ஒத்துக்கொள்ளலாம், மறுக்கலாம். மறுக்க முடிகிறது என்பதே எனக்குப் போதும். அந்தப் பத்தி வருகிற கட்டுரையை வைத்து அமெரிக்கத் தத்துவவாதி ஜான் சேர்ல் 1977-இல் சண்டைக்கே வந்தார், புரியாததோடு யாரும் அப்படிச் சண்டை போட முடியாது.

கடைசி மூன்று வாரம் எடுத்த நூலாசிரியரின் பெயரை எழுதப் போவதில்லை. குறை அவருடையதா, பாடம் எடுத்த விதமா என்று எனக்கு இன்னும் உறுதியாகத் தெரியவில்லை. வாக்கியங்கள் நீளம், ஒவ்வொன்றிலும் நாலைந்து கலைச்சொற்கள், நடுவே கணிதத்திலிருந்து இரவல் வாங்கிய சொற்கள். என் வீட்டுப்பாடத்தின் இரண்டாவது வரி, எது தவறு என்கிற வரி, மூன்று வாரமும் காலியாகவே போனது. பத்தாவது வாரம் அதைச் சொன்னேன். 'எது தவறு என்று கேட்பதே இந்த எழுத்தைப் பழைய தர்க்கத்துக்குள் அடைப்பது, புரியாமையின் அனுபவத்தில் தங்கிப் பாருங்கள்' என்றார் பாடம் எடுத்தவர். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு வகுப்பில் கேள்விகள் குறைந்துவிட்டன. ஒன்பது வாரமாகத் தயங்காமல் கை தூக்கியவர்கள் அமைதியானார்கள்.

பதினோராவது வாரம் ஒரு வாக்கியத்தை விளக்கச் சொல்லி உரையாடல் பெட்டியில் இட்டேன். பிடிஎஃப்பிலிருந்து நகலெடுக்க முடியாததால் பார்த்துத் தட்டச்சு செய்தேன். அவர் கால் மணி நேரம் பேசினார். அழகான பேச்சு, நான் குறிப்பும் எடுத்தேன். மறுநாள் குறிப்புகளைச் சரிபார்க்கும்போதுதான் பார்த்தேன், தட்டச்சு செய்தபோது 'அல்ல' என்கிற சொல்லை விட்டுவிட்டிருக்கிறேன். மூலம் மறுக்கிறது, நான் அனுப்பியது ஆமோதிக்கிறது. கால் மணி நேர விளக்கத்தில் அது யாருக்கும் தட்டுப்படவில்லை. அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை, கேட்டுக்கொண்டிருந்த இருபது பேரில் ஒருவருக்கும் இல்லை. அந்த விளக்கம் இரண்டு வாக்கியத்துக்கும் சமமாகப் பொருந்தியது.

இது நான் செய்த தவறு, வேண்டுமென்று செய்த சோதனை இல்லை. ஆனால் தத்துவவாதி ஜி. ஏ. கோஹன் 2002-இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஏறக்குறைய இதையே சோதனையாக முன்வைக்கிறார்: தெளிவுபடுத்தவே முடியாத வாக்கியத்தில் ஒரு 'இல்லை'யைச் சேர்த்தாலும் எடுத்தாலும் அதன் நம்பகத்தன்மை மாறாது. இளம் வயதில் பிரெஞ்சு மார்க்சியத்தில், குறிப்பாக அல்துஸ்ஸர் என்ற தத்துவவாதியின் எழுத்தில் மூழ்கியிருந்தவர் அவர், வெளியே நின்று கல்லெறிந்தவர் இல்லை. ஆறாவது வாரம் சுத்தியல் பத்தியில் சொல் மாறியதும் புதிதாக வந்தவர் ஐந்து நிமிஷத்தில் பிடித்தார். பதினோராவது வாரம் 'அல்ல' தொலைந்தும் எல்லோரும் தலையாட்டினோம். இரண்டு பத்தியும் கடினம். குறையா குணமா என்று வகுப்பு கேட்ட கேள்விக்கு இந்த இரண்டு பிழைகளே எனக்குப் பதில் சொல்லிவிட்டன, ஒன்று அவர்கள் பிழை, ஒன்று என் பிழை. பவணந்தியார் கணக்கில் முதலாவது மயங்க வைத்தலாக இருந்தால்கூட மன்னிக்கலாம், இரண்டாவது வெற்றெனத் தொடுத்தல்.

பாடம் எடுத்தவர் அமெரிக்கத் தத்துவவாதி ஜூடித் பட்லரின் வாதத்தைத் துணைக்கு அழைத்தார். 1998-இல் ஓர் ஆய்விதழ் நடத்திய மோசமான எழுத்துப் போட்டியில் பட்லருக்கு முதலிடம் கொடுத்து அவமானப்படுத்தினார்கள், அடுத்த வருஷம் அவர் எழுதிய பதிலில், பொதுப்புத்தியின் சொற்களிலேயே பொதுப்புத்தியைக் கேள்வி கேட்க முடியாது, அதற்குக் கடினமான மொழி தேவைப்படலாம் என்றார். அதில் நியாயம் இருக்கிறது, நான் அதை முழு மனதோடு ஏற்கிறேன். 'இப்போது இரவு' என்று எழுதிய தாளைக் கையில் வைத்து நின்றவனுக்கு அது தெரியாதா? ஆனால் கடினமான மொழி தேவைப்படலாம் என்பதிலிருந்து, கடினமாக இருப்பதெல்லாம் தேவையானது என்று தாவ முடியாது. சோக்கல் என்ற இயற்பியலாளர் 1996-இல் வேண்டுமென்றே எழுதிய போலிக் கட்டுரை ஒன்றை ஆய்விதழில் வரவைத்ததை வைத்து மொத்த மரபையும் தள்ளிவிடுகிறவர்களோடும் நான் சேரவில்லை. அது ஓர் ஆய்விதழின் ஆசிரியர் குழு பற்றிச் சொல்கிறதே தவிர, ஹெகலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இரண்டு தரப்பிலும் பத்தியைத் திறந்து படிக்காமல் பேசுகிறவர்கள் அதிகம், அதனால்தான் பத்தியைத் திறக்கிற இந்த மாதிரி வகுப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சேர நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். வாரம் இரண்டு மணி நேரம் என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம், வீட்டுப்பாடத்தோடு ஆறு மணி நேரம் ஆகும். ஒலிப்பதிவு மறுநாள் கிடைக்கும், தரம் நன்றாக இருக்கிறது, ஆனால் நேரலையில் உட்காராமல் பதிவை மட்டும் கேட்டால் பாதிதான் கிடைக்கும். இருபது பேருக்கு மேல் சேர்க்காதது நல்லது. முதல் பாதியில் வீட்டுப்பாடங்களைத் திருத்திக் குறிப்போடு திருப்பி அனுப்பினார்கள், என் 'எடு' பக்கத்தின் ஓரத்தில் 'இதை ஜெர்மன் தெரிந்த ஒருவருக்குக் காட்டுங்கள், சந்தோஷப்படுவார்' என்று எழுதியிருந்தார். பின்பாதியில் திருத்தம் வரவே இல்லை. எந்த வகுப்பில் சேர்வதாக இருந்தாலும் முன்கூட்டியே ஒன்று கேட்டுவிடுங்கள்: இந்தப் பத்தியைத் தப்பாகப் புரிந்துகொண்டால் அது தப்பு என்று எப்படித் தெரியும்? பதில் சொல்ல முடிகிறவரிடம் சேருங்கள்.

விட்டுப்போன 'அல்ல' பற்றி ஒருங்கிணைப்பாளர்களுக்கு எழுதினேன், பாடம் எடுத்தவருக்கும் ஒரு பிரதி. அவரிடமிருந்து பதில் வந்தது, நன்றாகவே வந்தது: பதிவை மறுபடி கேட்டேன், நீங்கள் சொல்வது சரி, அந்த வாக்கியத்தை இன்னொரு முறை எடுத்துப் படிக்க வேண்டும் என்று. அடுத்த சுற்றில் ஜெர்மன் ஆசிரியர் ஹெகலின் முன்னுரையை மட்டும் தனியாக எடுக்கிறாராம், பத்து வாரம். பெயர் கொடுத்துவிட்டேன்.